லங்கர்: நங்கூரமா, பந்தியா?

பஞ்சாபிலிருந்து வந்த இந்திச் செய்தி ஒன்றை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டபோது, 'குருத்வாராவில் பக்தர்களுக்கு நங்கூரம் வழங்கப்பட்டது' என்று வந்தது. சிரித்துவிட்டு அகராதியைப் புரட்டினால், செயலி ஒன்றும் உளறவில்லை. சீக்கியர் கோயிலான குருத்வாராவில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் பொது உணவுக்குப் பெயர் லங்கர்; அதே லங்கர் என்றால் நங்கூரமும்தான்.

லங்கர் பாரசீகச் சொல். கப்பலை ஓரிடத்தில் நிறுத்தும் நங்கூரம் என்று ஒரு பொருள்; ஏழைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் சோறு போடும் மடம் என்று இன்னொரு பொருள். நம்முடைய நங்கூரமே இந்த லங்கரின் வழியாகக் கடலோரம் வந்து சேர்ந்து, மொழிமுதலில் வராத லகரத்தை நகரமாக்கிக்கொண்ட சொல்தான். சமஸ்கிருதத்தில் நெருப்புள்ள இடத்தைக் குறிக்கும் 'அனல்கிருகம்' என்பதே லங்கராகத் தேய்ந்தது என்றும் சிலர் சொல்வதுண்டு. எனக்கு அது ஒட்டவைத்த மூலமாகத்தான் தெரிகிறது. பாரசீகத்தில் மடம் என்ற பொருளே நேராக இருக்கும்போது இவ்வளவு சுற்றிப் போக வேண்டியதில்லை.

சொல் சீக்கியர்களுக்கு முன்பே பஞ்சாபில் புழங்கியது. சூஃபி ஞானிகளின் மடங்களில் வருகிறவர்களுக்கெல்லாம் உணவு தந்த அடுப்படிக்கு லங்கர் என்றுதான் பெயர். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாபா ஃபரீத் அந்த மரபைச் சேர்ந்தவர்; அவருடைய பாடல்கள் சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாகிபிலேயே இடம்பெற்றிருக்கின்றன. குரு நானக் (1469–1539) கர்த்தார்பூரில் குடியமர்ந்து, உழுது விளைந்ததைக் கூடி உண்ணும் வழக்கத்தை ஊன்றினார். அதற்கு வாய்த்த பெயர் இந்தப் பழைய சொல்.

அதை ஒரு முறையாக நிலைநிறுத்தியதில் ஒரு பெண்ணின் கை பெரியது. இரண்டாவது குரு அங்கதரின் மனைவி மாதா கீவி, கடூர் சாகிபில் லங்கரைப் பொறுப்பேற்று நடத்தினார். குரு கிரந்த சாகிபில் பெயர் சொல்லிப் புகழப்படும் ஒரே குரு பத்தினி அவர்தான். சத்தா, பல்வந்த் என்ற இரு பாணர்கள் பாடிய பாட்டில் அவருடைய நிழல் அடர்ந்த இலைகளுள்ள மரத்தின் நிழல்போல என்று வருகிறது. அடுத்த அடியிலேயே அவர் லங்கரில் நெய் விட்ட பாயசம் பரிமாறப்பட்டதும் வருகிறது. ஒரு சமயத்தின் புனித நூலில் பாயசமும் அதைப் போட்டவர் பெயரும் நிலைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

மூன்றாவது குரு அமர்தாஸ், கோயிந்த்வாலில், 'முதலில் பங்கத், பிறகு சங்கத்' என்று வைத்தார். தன்னைப் பார்க்க வருகிறவர் யாரானாலும் முதலில் வரிசையில் தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அப்புறம்தான் சபைக்கு வரலாம். பேரரசர் அக்பரும் அப்படி உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டே குருவைச் சந்தித்தார் என்பது சீக்கிய மரபு சொல்லும் கதை. ஒரே பந்தியில் உட்காருவதைச் சாதி தடுத்த காலத்தில் இது சின்ன விதி இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? செய்திகளில் 'இலவச உணவு', 'சமுதாய சமையலறை' என்றெல்லாம் பார்க்கிறோம். முதலாவது ரேஷன் வாசனை அடிக்கிறது. இரண்டாவது ஆங்கிலத்துக்குப் போட்ட வேட்டி. 'அன்னதானம்' பழகிய சொல், ஆனால் தானம் என்றாலே கொடுப்பவர் கை மேலும் வாங்குபவர் கை கீழுமாக ஆகிவிடுகிறது. லங்கரில் இப்போது சாப்பிட்டு எழுந்தவர் அடுத்த நிமிடம் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். பழந்தமிழில் 'அட்டில்' உண்டு. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தின் அறம் நிலைத்த அகன்ற அட்டிலையும், அங்கே வடித்த கஞ்சி ஆறுபோல ஓடியதையும் பாடுகிறது. அழகான சொல், ஆனால் இன்று அட்டில் என்றால் யாருக்கும் அடுப்பு எரியாது. வள்ளலார் 1867இல் வடலூரில் தொடங்கிய சாலைக்கு வைத்த 'தருமச்சாலை' இன்னும் கொஞ்சம் கிட்டே வருகிறது. ஆனால் அது பசித்தவரை முன்னிறுத்திய இடம். லங்கரில் வயிறு நிறைந்தவரும் வந்து உட்கார வேண்டும்.

விடை 'பங்கத்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. வரிசை என்னும் 'பங்க்தி' பஞ்சாபியில் பங்கத் ஆனது; தமிழில் பந்தி ஆனது. (பத்தி பிரித்து எழுதுகிறோமே, அந்தப் பத்தியும் இந்தக் குடும்பம்தான்.) ஆனால் நம் பந்தியில் ஆளுக்கொரு இடமும், பந்தி வஞ்சனையும் இருந்ததால், சமம் என்று தனியாகச் சொல்ல வேண்டி வந்தது; 'சமபந்தி' பிறந்தது. என் ஓட்டு 'பொதுப்பந்தி'க்கு. இடத்தைச் சொல்லும்போது 'பந்திக்கூடம்'. குருத்வாராவைக் குறிப்பாகச் சொல்கையில் லங்கர் என்றே எழுதிவிடலாம், இட்லியை யாரும் மொழிபெயர்ப்பதில்லையே.

'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்ற நம்மூர்ப் பழமொழியின் பின்பாதி மட்டும் அங்கே செல்லாது. 'தேக் தேக் ஃபதே' என்பது சீக்கியர்களின் முழக்கம். முதல் தேக் சோறு பொங்கும் அண்டா, இரண்டாவது வாள், ஃபதே வெற்றி. தமிழ் எழுத்தில் இரண்டு தேக்கும் ஒன்றாகிவிடுகின்றன; பஞ்சாபியில் ஒலி வேறு. 1710இல் சிர்ஹிந்த் நகரை வென்ற சீக்கியத் தளபதி பந்தா சிங் பகதூரின் முத்திரை வாசகத்திலும் அண்டாவும் வாளும் சேர்ந்தே இருந்தன.

அமிர்தசரஸ் பொற்கோயிலின் லங்கரில் சாதாரண நாளிலேயே அரை லட்சம் பேருக்கு மேல் சாப்பிடுவதாகச் சொல்வார்கள். நீளப் பாயில் உட்கார்ந்ததும் தட்டில் பருப்பு விழும். ரொட்டிக்கு நாம் பழக்கதோஷத்தில் ஒரு கையை நீட்டினால் பரிமாறுகிறவர் நின்றுவிடுவார். இரண்டு கையும் சேர்த்து ஏந்த வேண்டும். அதற்குப் பெயரும் ரொட்டி இல்லை, 'பர்ஷாதா', அதாவது பிரசாதம்.

சீக்கியர்களில் போர்மரபைச் சேர்ந்த நிகாங் வீரர்களின் பேச்சில் இந்தப் பெயர்கள் இன்னும் குறும்பாகும். காட்டில் மறைந்து பட்டினியோடு போரிட்ட காலத்து மிடுக்கு அது. வெங்காயம் வெள்ளி, கொண்டைக்கடலை பாதாம், மிளகாய் சண்டைக்காரி. அடுப்பில் வைக்க எதுவுமே இல்லாமல் போனால், இல்லை என்ற சொல் வாயில் வராது. லங்கர் 'மஸ்த்' ஆகிவிட்டது, மயங்கிக் களித்திருக்கிறது என்பார்கள். அரிசி தீர்ந்த பானையைப் பார்த்து 'நெறஞ்சிருக்கு' என்று சொல்லும் நம் வீட்டுப் பாட்டிகளுக்கு இதை விளக்க வேண்டியிருக்காது.