தொற்று: பற்றி ஏறும் சொல்

'இன்ஃபெக்‌ஷன்' என்னும் சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. 'இன்ஃபிகெரே' என்றால் சாயத்தில் தோய்த்தல், கறைப்படுத்தல். நோய் என்பது உடலில் படியும் கறை என்ற எண்ணம் அதற்குள் உறைந்திருக்கிறது.

தமிழின் 'தொற்று' வேறு இடத்திலிருந்து வருகிறது. தொற்றுதல் என்றால் பற்றிக்கொள்ளுதல், பிடித்து ஏறுதல். கிளையில் தொற்றி ஏறுகிறோம். குழந்தை தாயின் தோளில் தொற்றிக்கொள்கிறது. பேச்சில் இதுவே 'தொத்து'.

நோய்க்கிருமிக்கும் முதல் வேலை இதுதான். உடல் ஓயாமல் கழுவித் தள்ளிக்கொண்டே இருக்கிறது: சிறுநீர் அடித்துச் செல்லும், மூச்சுக்குழாயின் சளி மேலே ஏற்றி வெளியேற்றும், குடல் அசைந்து நகர்த்தும். பிடி கிடைக்காத கிருமிக்கு அங்கே இடமில்லை. அதனால்தான் சிறுநீர்ப்பையைத் தாக்கும் ஈ.கோலை பாக்டீரியா மயிரிழை போன்ற நீட்சிகளோடு வருகிறது. அவற்றின் நுனியிலுள்ள புரதம், பையின் உட்சுவர்ச் செல்கள் மேல் இருக்கும் மேனோஸ் சர்க்கரையைக் கவ்விக்கொள்ளும். இன்ஃப்ளூயன்சா வைரஸ் செல்கள் மேலுள்ள சயாலிக் அமிலத்தைப் பிடிக்கிறது. கோவிட் வைரஸின் கூர்ப்புரதம், செல்கள் மேலுள்ள ஏசிஇ2 என்னும் ஏற்பியை. உள்ளே நுழைவதும் பெருகுவதும் எதிர்ப்பாற்றலின் கண்ணில் படாமல் ஒளிவதும் அப்புறம்தான். இந்த முதல் அடியைத் தன் பெயரிலேயே வைத்திருக்கும் நம் சொல், என் பார்வையில், இலத்தீனை விடக் கூர்மையானது.

ஆனால் பற்றியதெல்லாம் தொற்று ஆகிவிடாது. ஏறத்தாழ 10 பேரில் 3 பேரின் மூக்கில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா சும்மா வாழ்கிறது. அதைக் 'குடியமர்வு' என்பதே சரி. காயத்தின் வழியே இறங்கித் திசுவில் பெருகினால்தான் தொற்று. கிருமிக்கு இடம்கொடுக்கும் உயிரைப் பாடநூல்கள் 'ஓம்புயிரி' என்கின்றன. விருந்தோம்பலில் உள்ள அதே ஓம்புதல். விரும்பி ஓம்புவதில்லைதான், ஆனாலும் அழகான ஆக்கம்.

உண்மையான குழப்பம் இன்னொன்று. 'தொற்றுநோய்' என்றதும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவும் என்று முடிவுகட்டிவிடுகிறோம். டெட்டனஸை எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணிலுள்ள கிருமி புண்ணுக்குள் புகுந்து நஞ்சைச் சுரக்கிறது, தொற்றுதான். ஆனால் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் அது நமக்கு வராது. தாவிப் பரவும் நோய்க்குத் தமிழில் தனிச்சொல்லே உண்டு: ஒட்டுவாரொட்டி. ஒட்டுபவரை ஒட்டிக்கொள்வது. டெட்டனஸ் தொற்று, ஒட்டுவாரொட்டி அன்று; அம்மையோ தொற்றும்தான், ஒட்டுவாரொட்டியும்தான். மருத்துவமனை அறிவிப்புப் பலகைகளில் இந்தப் பழஞ்சொல்லை மறுபடி பார்க்க எனக்கு ஆசை.