பஸ் படி ஏற முடியாதவர்கள் எந்தக் கணக்கில் வருகிறார்கள்?

நான் பிசியோதெரபிஸ்ட். பயிற்சியைப் பாதியில் விட்டவர்களில் இந்த மாதத்தில் இது மூன்றாவது ஆள். கவுந்தப்பாடிப் பக்கத்து அம்மா, வயது 67. முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்திருந்தது. ஆறு வாரம் பயிற்சிக்கு வரச் சொன்னேன். இரண்டு முறை வந்தார், அதோடு சரி. மூன்று மாதம் கழித்து மகன் காரில் கூட்டிவந்தபோது முழங்கால் 60 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. கோபமாகத்தான் கேட்டேன்.

"பஸ் படி எட்டலீங்க அம்மிணி. காலைத் தூக்கறதுக்குள்ள விசில் அடிச்சுப் போடறாங்க. ஆட்டோவுக்குப் போக வர 600 ரூவா கேக்கறாங்க. அத்தனை காசுக்கு நா எங்கீங்க போவேன்?"

கால் மடங்கினால்தான் படி ஏற முடியும். பஸ் ஏறி வந்தால்தான் நான் காலை மடக்க வைக்க முடியும். பிசியோதெரபிஸ்ட் ஒருத்தி தன் அறைக்குள் உட்கார்ந்து இந்த முடிச்சை அவிழ்க்க முடியாது.

இதைப் பேச ஆரம்பித்தாலே ஒரு பதில் தயாராக இருக்கிறது: "தாழ்தளப் பஸ் மாற்றுத்திறனாளிகளுக்குத்தானே மேடம், நம்ம ரூட்ல சக்கர நாற்காலியில யார் வர்றாங்க?" படி இருக்கிறது, அதனால் வரவில்லை. பாலமே இல்லாத ஆற்றங்கரையில் நின்றுகொண்டு, யாரும் கடக்கவில்லையே, பாலம் எதற்கு என்று கேட்பீர்களா? சரி, சக்கர நாற்காலியை விடுங்கள். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் நடக்கிறவர்கள்தான். மூட்டுத் தேய்ந்த பாட்டி, பக்கவாதம் வந்து ஒரு கை பிடிக்காத தறிக்காரர், சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர், நிறைமாதக் கர்ப்பிணி. வழக்கமான பஸ்ஸின் தளம் தரையிலிருந்து 900 மில்லிமீட்டர் உயரம். தாழ்தளப் பஸ்ஸில் அது 400. இவர்கள் வெளியே போவதா, வீட்டிலேயே கிடப்பதா என்பதை அந்த அரை மீட்டர்தான் தீர்மானிக்கிறது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை, மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் வருகிற ஒருவருக்கும்கூட இல்லை. மிக நல்ல திட்டம். ஆனால் ஏறினால்தானே அந்தச் சலுகை கைக்கு வரும்?

வழித்தடம் போடும்போது பஸ்ஸில் இருப்பவர்களை எண்ணுகிறார்கள், நிறுத்தத்தில் நிற்பவர்களைக் கேட்கிறார்கள். ஏற முடியாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. கருத்துக்கேட்புக் கூட்டமும் அப்படியேதான். மாடியில், காலை பதினொரு மணிக்கு வைத்தால் ஏறக்கூடியவர்கள் மட்டும்தான் வருவார்கள். கீழ்த்தளத்தில் வையுங்கள் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் எதற்கு? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 41, பஸ் நிறுத்தமும் வாகனமும் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது.

சொல்வதற்கு வழிகள் இருக்கின்றன. நகரத்துக்கு முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) வந்தால் ஆட்சேபத்துக்கும் ஆலோசனைக்கும் குறைந்தது இரண்டு மாதம் தந்தாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வழித்தடத் திட்டத்தின் வரைவு அரசிதழில் வந்தால் 30 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதலாம். ஊரில் இருப்பவர்களுக்கு ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு கிராம சபைகள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு நாள்.

ஆனால் தயவுசெய்து "பஸ் வசதி செய்து தர வேண்டும்" என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுக்காதீர்கள். அதை வைத்துக்கொண்டு அதிகாரி என்ன செய்வார்? எந்த நிறுத்தம், எத்தனை மணி பஸ், முதல் படி தரையிலிருந்து எத்தனை அங்குலம், நிழற்குடைக்குச் சாய்தளம் உண்டா, பஸ் ஓரம் ஒதுங்கி நிற்கிறதா, நடுரோட்டில் நிற்கிறதா என்று எழுதுங்கள். போட்டோ வையுங்கள். வர முடியாதவரின் கைநாட்டோ கையெழுத்தோ அவர் வீட்டுக்கே போய் வாங்குங்கள். மனு எண் வாங்காமல் திரும்பாதீர்கள்.

மகன்களுக்கும் மகள்களுக்கும் ஒரு வேண்டுகோள். "அம்மா எங்கேயும் போறதில்லை, வீட்டுலயே நிம்மதியா இருக்காங்க" என்று என்னிடம் சொல்கிறீர்கள். சந்தைக்கும் கோயிலுக்கும் போய்ப் பழகியவர் திடீரென்று ஏன் நின்றார் என்று ஒரு தடவை அவரிடமே கேளுங்கள்.

அதுவரைக்கும், ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கம்பியைப் பிடித்த பிறகுதான் காலை எடுக்க வேண்டும். வண்டி முழுதாக நிற்காமல் ஏறவே கூடாது, யார் அவசரப்படுத்தினாலும்.

கவுந்தப்பாடி அம்மா இப்போது செவ்வாய்தோறும் மகனுடன் வருகிறார். முழங்கால் 78 டிகிரி மடங்குகிறது. பேத்தி இஞ்ச் டேப்போடு போய் அவர்கள் ஊர் நிறுத்தத்தில் முதல் படியை அளந்து வந்திருக்கிறாள்: 17 அங்குலம். அடுத்த கிராம சபைக்கான மனுவில் முதல் வரியே அதுதான்.