பார்வோ புகுந்த வீட்டுக்குப் புதுக் குட்டி எப்போது வரலாம்?

“எட்டு மாத நாயைப் பார்வோவில் பறிகொடுத்து மூன்று வாரம் ஆகிறது. வீடே வெறிச்சோடிக் கிடக்கிறது. இப்போதே ஒரு குட்டியைக் கொண்டுவரலாமா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். துக்கம் ஆறியதா என்பதை அவரவர் மனம்தான் சொல்ல வேண்டும். வீடு தயாரா என்று கேட்டால், மூன்று வாரம் போதாது.

நாய்ப் பார்வோ வைரஸ் 1978இல் தலைகாட்டி, ஓரிரு ஆண்டுகளில் உலகமெங்கும் பரவியது. வேகமாகப் பிரியும் செல்களைத்தான் அது பிடிக்கும். அதனால் குடலின் உட்சுவரும் எலும்பு மஜ்ஜையும் முதலில் அடிவாங்கும். வாந்தியும் ரத்தக் கழிச்சலும் பலர் கண்டதுதான். கொரோனா வைரஸுக்குக் கொழுப்பு உறை உண்டு, சானிடைசர் பட்டால் அது கரைந்துவிடும். பார்வோவுக்கு அப்படி உறையே கிடையாது, வெறும் புரத ஓடுதான். சானிடைசருக்கும், தரை துடைக்கும் திரவங்கள் பலவற்றுக்கும் அது அசையாது. வீட்டுக்குள் மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும்.

அடுத்தடுத்து இரண்டு குட்டிகள் செத்தால் ‘இந்த வீட்டுக்கு நாய் ராசியில்லை’ என்று பேச்சு கிளம்பிவிடுகிறது. தயவுசெய்து அதை நம்பாதீர்கள். பெரும்பாலும் முதல் குட்டி படுத்த மெத்தையில் இரண்டாவது குட்டியும் படுத்திருக்கும். பழியை ராசி மேல் போட்டுவிட்டால் தரையை யாரும் கழுவமாட்டார்கள்.

கழுவுவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கை முழுக்க எடுத்து, நன்றாக அலசுங்கள். அழுக்கு மிச்சமிருந்தால் பிளீச்சின் வீரியம் அதிலேயே தீர்ந்துபோகும். சிறுநீர் மிச்சமிருந்தால் பிளீச் பட்டதும் கெட்ட வாயு கிளம்பும். அடுத்து, 5 முதல் 6 சதவீதம் சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ள பிளீச்சை 3 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி வீதம் அன்றன்றைக்குக் கலந்து ஊற்றி, தரை 10 நிமிடம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழிப்பறை ஆசிட், வினிகர் எதனோடும் அதைக் கலக்கவே கூடாது, குளோரின் வாயு வரும். மெத்தை, கயிறு, மரக் கிண்ணம் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். இதற்குப் பிறகும் வீட்டுக்குள் ஒரு மாதமாவது விட வேண்டும். மண்ணைப் பிளீச்சால் சுத்தம் செய்ய முடியாது. வெயில் படும் மண்ணுக்கு 5 மாதமும் நிழல் மண்ணுக்கு 7 மாதமும் காத்திருக்கச் சொல்வது வழக்கம்.

“தடுப்பூசி போட்ட குட்டியாக வாங்கினால் போதாதா?” என்று அடுத்த கேள்வி வரும். ஊசி போட்ட குட்டிகளும் சாகின்றன. அதற்கான காரணம் எனக்குத் திரும்பத் திரும்ப வியப்பளிப்பது.

குட்டிக்கு எதிர்ப்பொருள்கள் தாயின் வயிற்றுக்குள் கொஞ்சம்தான் வருகின்றன. மிகப் பெரும்பங்கு சீம்பாலில் வருகிறது. பிறந்து ஒரு நாளுக்குள் குடல் அந்த வாசலை அடைத்துவிடும். கிடைத்த இருப்பு சுமார் 10 நாளுக்கு ஒருமுறை பாதியாகும். பரிசோதனையில் இதன் அளவு 80க்கு மேல் இருந்தால் குட்டிக்குப் பாதுகாப்பு. ஆனால் 20 வரை இறங்கினால்தான் தடுப்பூசி உறுதியாக வேலை செய்யும். ஊசியில் இருப்பது வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ். அது உடம்புக்குள் பெருகினால்தான் குட்டி பாடம் கற்கும். தாய் கொடுத்த எதிர்ப்பொருளோ அதையும் எதிரியாக நினைத்து முடித்துவிடுகிறது. நிஜ வைரஸ் கோடிக்கணக்கில் வரும்போது மட்டும் அந்த மிச்ச இருப்பால் தாக்குப்பிடிக்க முடிவதில்லை.

ஒரு குட்டி 640இல் தொடங்குகிறது என்று வையுங்கள். 30ஆம் நாள் 80, 50ஆம் நாள் 20. நடுவிலுள்ள 20 நாளும் அதற்குத் தாயின் காவலும் இல்லை, ஊசியின் காவலும் உறுதியில்லை. முட்டிமோதி நிறையச் சீம்பால் குடித்த அதன் உடன்பிறப்பு 2560இல் தொடங்கினால்? அதற்கும் அதே 20 நாள்தான், 50இலிருந்து 70க்குத் தள்ளிப்போகிறது. ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கே இந்த வித்தியாசம்! இன்றைய ஊசிகள் இந்த இடைவெளியைச் சுருக்கியிருக்கின்றன, ஆனால் அடைக்கவில்லை.

ஆகவே குட்டிப் பருவத்தில் திரும்பத் திரும்பப் போடும் ஊசி, முதல் ஊசிக்கு வலுச்சேர்க்கப் போடுவதல்ல. எந்த நாளில் கதவு திறக்கும் என்று தெரியாததால் தட்டிக்கொண்டே இருக்கிறோம். 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை போட்டு, கடைசி ஊசி 16ஆம் வாரத்திலோ அதற்குப் பிறகோ விழ வேண்டும். ‘ஒரு ஊசி போட்டாச்சு’ என்ற பேச்சுக்கு இங்கே மதிப்பில்லை. மலிவான, நம்பகமான எதிர்ப்பொருள் பரிசோதனை எல்லாக் கால்நடை மருத்துவமனையிலும் இருந்தால் இந்த யூகமே தேவைப்படாது. அந்த ஆய்வுக்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

கேட்டவருக்கு என் யோசனை: காத்திருக்க முடியாவிட்டால், ஊசிகளெல்லாம் முடிந்த வளர்ந்த நாயை எடுங்கள். குட்டிதான் வேண்டுமென்றால் 16 வார ஊசி முடிந்து இரண்டு வாரம் கழித்துக் கொண்டுவாருங்கள். ஆனால் 3 முதல் 14 வாரம்வரைதான் நாய் மனிதரையும் ஓசைகளையும் பழகும் பருவம். அதுவரை கூண்டிலேயே அடைந்து கிடந்த குட்டி என்றால் பயந்த நாயாக வளரக்கூடும், விசாரித்து வாங்குங்கள். வந்த முதல் 14 நாளில் குட்டி சோர்ந்து உணவை மறுத்தால், ரத்தக் கழிச்சல் வரட்டும் என்று பார்த்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். கிளம்பும்முன் பார்வோ சந்தேகம் என்று போனில் சொல்லிவிடுங்கள், அங்கே காத்திருக்கும் மற்றக் குட்டிகளுக்காக.