ஒரே ரிவி, ஒரே தாமதம், ஆனால் சமமில்லாத போட்டி

கல்முனையிலிருந்து உயர்தரம் படிக்கும் வாசகர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். விடுமுறையில் நண்பர்கள் சேர்ந்து, இருவர் மோதும் சண்டை வீடியோ கேமான ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் போட்டி நடத்தப் போகிறார்கள். மட்டக்களப்பிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் பொடியன்கள் வருகிறார்களாம். விதிமுறை எழுத உட்கார்ந்தபோது, ரிவியைக் கட்டாயம் ‘கேம் மோட்’டில்தான் வைக்க வேண்டும் என்று ஒருவர் பிடிவாதமாக நின்றிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே திரையைத்தானே பார்க்கிறார்கள், படம் திரைக்கு வரத் தாமதம் இருந்தாலும் இருவருக்கும் ஒரே அளவுதானே, பிறகு எதற்கு இந்த விதி என்பது வாசகரின் கேள்வி.

பிடிவாதமாக நின்ற நண்பர் சொல்வதுதான் சரி. காரணம் மிக அழகானது.

மற்ற விதிகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். மூன்றில் இரண்டு ஆட்டம் வென்றால் வெற்றி, இறுதிப்போட்டிக்கு ஐந்தில் மூன்று. தோற்றவர் பாத்திரத்தை மாற்றலாம், வென்றவர் மாற்றக்கூடாது. இரண்டு முறை தோற்றால்தான் வெளியே என்று வைத்தால், 16 பேருக்கு 30 அல்லது 31 போட்டிகள் வரும். ஒவ்வொரு போட்டியிலும் ஒரு தோல்வி பிறக்கிறது. 15 பேர் தலா இரண்டு தோல்வி வாங்கி வெளியேற வேண்டும், சம்பியன் அதிகபட்சம் ஒன்று வாங்கலாம். கணக்கு அவ்வளவுதான்.

இப்போது ரிவிக்கு வருவோம். சண்டை கேம்கள் செக்கனுக்கு 60 படங்கள் என்ற வேகத்தில் ஓடுகின்றன. ஒரு படம் திரையில் நிற்பது சுமார் 16.7 மில்லிசெக்கன். ஒவ்வொரு அடிக்கும் இத்தனை படம் என்று கணக்கு உண்டு. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் டிரைவ் இம்பாக்ட் என்ற பெரிய அடி, பொத்தானை அழுத்தியதிலிருந்து 26ஆவது படத்தில் போய் விழும். அதாவது சுமார் 433 மில்லிசெக்கன். அதைக் கண்டவுடன் நீங்களும் அதே அடியை அழுத்தினால், பிந்தி அழுத்திய உங்களுடையதுதான் வெல்லும்.

ஆனால் கண்டவுடன் என்பதற்கே நேரம் செலவாகிறது. ஒளியைப் பார்த்து விரல் அசைய மனிதருக்குச் சாதாரணமாக 200 முதல் 250 மில்லிசெக்கன் வேண்டும். வந்தது எந்த அடி என்று தெரிந்து, பல பொத்தான்களில் சரியானதைத் தேர்ந்து அழுத்துவதென்றால் இன்னும் கூடும். 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் மிஞ்சுவது 130 சொச்சம். கொன்ட்ரோலரும் கேமும் எடுத்துக்கொள்ளும் நேரமும் அதற்குள்தான் அடங்க வேண்டும்.

வீட்டு ரிவி இந்த மிச்சத்தில் எப்படிக் கைவைக்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். சினிமா செக்கனுக்கு 24 படம்தான். ஓடும் காட்சி வழுக்கிக்கொண்டு போவதுபோல் தெரிய, ரிவி இரண்டு படங்களுக்கு நடுவே தானாகவே புதுப் படம் வரைகிறது. முதல் படத்தில் பந்து இடப்பக்கம், இரண்டாவதில் வலப்பக்கம் என்றால், நடுவில் ஒரு பந்தை வரைந்து சேர்க்கும். இதற்கு அந்த இரண்டாவது படம் கைக்கு வந்தே ஆக வேண்டும். போகும் இடம் தெரியாமல் நடுவழியை எப்படி வரைவது? ஆகவே ரிவி முதல் படத்தைக் காட்டாமல் பிடித்து வைத்துக்கொண்டு அடுத்ததற்காகக் காத்திருக்கிறது. அதன் பிறகு புள்ளிகளைத் துடைப்பது, நிறத்தைத் திருத்துவது, பெரிய திரைக்கு ஏற்பப் படத்தை விரிப்பது என்று ஒவ்வொரு வேலையும் தன் பங்குக்கு நேரம் எடுக்கும். மொத்தம் 100 மில்லிசெக்கனைத் தாண்டும் ரிவிகளும் உண்டு.

கிரிக்கெட் நாளில் பக்கத்து வீட்டில் ‘அவுட்’ என்ற கத்தல் கேட்ட பிறகுதான் நம் ரிவியில் விக்கெட் விழும். பார்ப்பவருக்கு அதனால் நட்டமில்லை, அவர் பந்தை அடிக்கப் போவதில்லையே. கேம் ஆடுபவர் அடித்தாக வேண்டும். கேம் மோட் அந்த அலங்கார வேலைகளில் பெரும்பாலானவற்றை நிறுத்திவிட்டு, வந்த படத்தை வந்தபடியே காட்டுகிறது.

வாசகரின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. தாக்குபவர் திரையைப் பார்த்து முடிவெடுக்கத் தேவையில்லை. அடிக்கப் போவது அவர் மனதில் ஏற்கெனவே இருக்கிறது. தடுப்பவர்தான் பார்த்தாக வேண்டும். 100 மில்லிசெக்கன் தாமதம் தாக்குபவரிடமிருந்து பெரிதாக எதையும் எடுப்பதில்லை. தடுப்பவரின் 130-இல் 100-ஐ எடுத்துவிடுகிறது. கவனித்து ஆடப் பழகிய பிள்ளை தோற்கும், கண்ணை மூடிக்கொண்டு பாய்பவர் வெல்வார். தாமதம் இருவருக்கும் சமம், அதன் விலை ஒருவருக்குத்தான்.

தோற்றவுடன் ‘இந்த ரிவி எனக்கு ராசியில்லை’ என்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். கண்ணூறு, ராசி என்று விட்டுவிடாமல் அளந்து பாருங்கள். செக்கனுக்கு 240 படம் எடுக்கும் கைபேசி ஒன்று போதும். பொத்தானை அழுத்தும் விரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி வீடியோ எடுத்து, விரல் அழுத்திய படத்திலிருந்து பாத்திரம் அசையத் தொடங்கும் படம்வரை எண்ணுங்கள். ஒவ்வொன்றும் 4.2 மில்லிசெக்கன். பத்துத் தடவை செய்து சராசரி எடுக்க வேண்டும். நீங்கள் அழுத்தும் கணம் 16.7 மில்லிசெக்கனுக்குள் எங்கும் விழலாம் என்பதால் ஒற்றை அளவீடு ஏமாற்றும். இந்த எண்ணில் கொன்ட்ரோலரும் கேமும் சேர்ந்தே இருக்கும். ஆகவே அதே கொன்ட்ரோலர், அதே கேமோடு ரிவியை மட்டும் மாற்றி அளந்தால், வரும் வித்தியாசம் ரிவியினுடையது.

ஆராய்ச்சிக்குப் பணம் என்றாலே பெரிய இயந்திரங்களைத்தான் நினைக்கிறோம். நம் பாடசாலை விஞ்ஞான மன்றங்களுக்கு இப்படியான அளவீடுகளுக்குச் சிறு தொகை ஒதுக்கினால், பிழை, சராசரி, ஒப்பீடு எல்லாம் பிள்ளைகளுக்குக் கைப்பழக்கமாகிவிடும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்குள்ள மாணவர்கள் வழிகாட்ட முன்வந்தால் இன்னும் நல்லது.

அப்புறம், வயர்லெஸ் கொன்ட்ரோலருக்குத் தடை போடுங்கள். முந்திய ஆட்டக்காரரின் கொன்ட்ரோலர் கொன்சோலோடு இணைப்பில் இருந்தால், அவர் வெளியே நின்று தெரியாமல் ஒரு பொத்தானைத் தொட்டாலே நடக்கும் ஆட்டம் நின்றுவிடும். ப்ளூடூத்தும் வைஃபையும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையைப் பகிர்வதால், கைபேசிகள் நிறைந்த மண்டபத்தில் இடைஞ்சலும் கூடும். வயர் குத்தி ஆடட்டும். ஆட்டத்தை நிறுத்தியவருக்கு அந்தச் சுற்று தோல்வி என்றும் எழுதிவையுங்கள். இரண்டு ரிவிகள் கிடைத்து அளவுகள் வேறுபட்டால், தாமதம் குறைந்ததைக் கடைசி எட்டுப் பேருக்கு ஒதுக்கி, எந்தப் போட்டி எந்த ரிவியில் என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள்.