‘நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?’: தெர்மோஸ்டாட்டும் ஒரு சிட்டிகை மெழுகும்

திண்டுக்கல் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “என்னிடம் 2009 மாடல் ஆல்ட்டோ இருக்கிறது. பழைய வண்டியாக வாங்கியது. கொடைக்கானல் ஏறும்போது இன்ஜின் சூடாகி நின்றுவிட்டது. மெக்கானிக் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, ‘நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்? குளிர் நாட்டுக்காரனுக்கு வெச்சது’ என்றார். அதற்குப் பிறகு சூடாகவில்லை. ஆனால் மைலேஜ் குறைந்துவிட்டது. அவர் செய்தது சரியா? அப்புறம், சிக்னலில் நிற்கும்போது வண்டி ஏன் இப்படி உதறுகிறது?”

உதறலை முதலில் முடித்துவிடலாம். அந்த பானட்டுக்குள் இருப்பது சுசுகியின் 796 சிசி இன்ஜின். சிலிண்டர் விட்டம் 68.5 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 72 மில்லிமீட்டர், மொத்தம் மூன்று சிலிண்டர். வட்டத்தின் பரப்பைக் கண்டு, ஓட்டத்தாலும் மூன்றாலும் பெருக்கிப் பார்த்தால் 796 வந்துவிடும். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இலும் இதே அளவுதான், 2023-இல் உற்பத்தி நின்ற ஆல்ட்டோ 800-இலும் இதே அளவுதான். பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் கார்புரேட்டர் போய், அதை ஊசிவழி தெளிக்கும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது, சிலிண்டருக்கு இரண்டாக இருந்த வால்வுகள் நான்காயின, நாற்பதைத் தொடாமல் இருந்த குதிரைத்திறன் 47-ஐ எட்டியது. அடிப்படை அளவு மட்டும் நாற்பது ஆண்டுகள் மாறவே இல்லை.

நான்கு சிலிண்டர் இன்ஜினில், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் 180 டிகிரி சுற்றுவதற்குள் அடுத்த வெடிப்பு வந்துவிடும். மூன்றில் 240 டிகிரி காத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 900 சுற்றில் நின்றபடி ஓடும்போது நொடிக்கு 22 வெடிப்பு சொச்சம். அந்த இடைவெளி உடம்புக்குத் தெரிகிறது. போதாததற்கு, முதல் பிஸ்டனும் மூன்றாவது பிஸ்டனும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் ஏறி இறங்குவதால் இன்ஜினின் இரு முனைகளும் மாறி மாறி ஆடும். கொஞ்சம் உதறல் இருந்தால் அது இந்த இன்ஜினின் பிறவிக் குணம். ஸ்டியரிங் நடுங்கும் அளவுக்குப் போனால் ஸ்பார்க் பிளக்கையும், இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுன்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, தெர்மோஸ்டாட்.

பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் சக்கரத்துக்குப் போவது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இன்னொரு பெரும்பங்கு சைலன்சர் வழியாகப் போகிறது. மீதி, இன்ஜினைச் சுற்றி ஓடும் குளிர்விப்புத் திரவமான கூலன்டில் இறங்குகிறது. அதை ரேடியேட்டருக்குக் கொண்டுபோய் ஆற்றி மீண்டும் அனுப்புவது வாட்டர் பம்பின் வேலை. இதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்தது. ஆனால் காலையில் வண்டியைக் கிளப்பும்போது கூலன்ட் உடனே ரேடியேட்டருக்குப் போகக் கூடாது. இன்ஜின் சீக்கிரமாகச் சூடாகி 85, 90 டிகிரிக்கு வர வேண்டும். அதுவரை வழியை மூடி வைத்திருக்கும் கதவுதான் தெர்மோஸ்டாட். மதுரையில் 40 டிகிரி வெயில் அடிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இன்ஜினுக்கு வேண்டியதற்கு அது இன்னும் 45 டிகிரி குறைவு. மெக்கானிக்கின் ‘குளிர் நாட்டு’ வாதம் இங்கேயே விழுந்துவிடுகிறது.

இந்தக் கதவில் மின்சாரம் இல்லை, சென்சார் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. இருப்பது மெழுகு. எனக்கு இந்தக் காரிலேயே மிகவும் பிடித்த உறுப்பு இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

நடுவில் பித்தளையில் விரல்நுனி அளவுக்கு ஒரு கிண்ணம். அதில் பாரஃபின் மெழுகு அடைத்திருக்கும். மெழுகு வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால் அதோடு செம்புத் தூளைக் கலந்திருப்பார்கள். மெழுகுக்கு மேலே ஒரு ரப்பர் உறை, அதற்குள் ஒரு மெல்லிய எஃகு ஊசி. ஊசியின் மறுமுனை வால்வின் சட்டத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். கூலன்ட் சூடாகி மெழுகு உருகும்போது அதன் பருமன் பத்து சதவீதத்துக்கு மேல் கூடும். ஆனால் கிண்ணத்துக்குள் அதற்கு இடம் கிடையாது. ரப்பரை நெருக்கி ஊசியை வெளியே தள்ளும். ஊசியோ சட்டத்தில் முட்டி நிற்கிறது. எனவே நகர வேண்டியது கிண்ணம்தான். ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு கிண்ணம் கீழே இறங்க, அதோடு சேர்ந்திருக்கும் தட்டும் இறங்கி வழி திறக்கிறது. மெழுகின் பருமன் கூடுவது கொஞ்சம்தான். ஆனால் ஊசி மெல்லியது என்பதால் அந்தக் கொஞ்சமே 8 மில்லிமீட்டர் அளவுக்கு நகர்வாக மாறுகிறது. ஆறியதும் மெழுகு உறைந்து சுருங்கும், ஸ்பிரிங் கதவைச் சாத்திவிடும்.

தண்ணீர் உறைந்தால் பெருக்கும், மெழுகு உருகினால் பெருக்கும். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? பாரஃபின் மெழுகு என்பது கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த நீளமான சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. திடநிலையில் அந்தச் சங்கிலிகள் நிமிர்ந்து, ஒன்றையொன்று ஒட்டிப் படுத்திருக்கும். உருகியதும் ஒவ்வொன்றும் தன் போக்கில் வளைந்து நெளியத் தொடங்கும். எண்ணெய் வைத்துப் படிய வாரிப் பின்னிய கூந்தல் கைக்குள் அடங்கும், அதையே அவிழ்த்து உதறிவிட்டால் முதுகு முழுக்கப் பரவும். நடப்பது அதுதான்.

எத்தனை டிகிரியில் உருகும் என்பதைச் சங்கிலியின் நீளம் தீர்மானிக்கிறது. 20 கார்பன் கோத்த சங்கிலி சுமார் 37 டிகிரியில் உருகிவிடும். 30 கார்பன் என்றால் 66 டிகிரி. 40 கார்பன் என்றால் ஏறத்தாழ 82. பல சிறிய கார்களின் தெர்மோஸ்டாட்டில் பொறித்திருக்கும் எண்ணும் 82தான். கதவு எப்போது திறக்க வேண்டும் என்ற உத்தரவை மூலக்கூறின் நீளத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லலாம்.

இதைவிட அழகான விஷயம் ஒன்று உண்டு. கிண்ணத்தில் ஒரே நீளச் சங்கிலிகள் மட்டும் இருந்தால் கதவு ஒரே டிகிரியில் படீரெனத் திறக்கும், படீரென மூடும். இன்ஜினின் சூடு ஏறியும் இறங்கியும் அல்லாடும். அதனால் வெவ்வேறு நீளமுள்ள மெழுகுகளைக் கலக்கிறார்கள். 82-இல் குட்டைச் சங்கிலிகள் உருகத் தொடங்குகின்றன, 95-ஐ நெருங்கும்போது மிச்சமும் உருகி முடிகிறது. இடைப்பட்ட சூட்டில் மெழுகு பாதி உருகியும் பாதி உறைந்தும் இருக்க, கதவும் பாதி திறந்து நிற்கிறது. மலை ஏறினால் இன்னும் கொஞ்சம் திறக்கும், இறக்கத்தில் கொஞ்சம் சாத்தும். சுத்தமில்லாத கலவை என்பதுதான் இங்கே அதன் திறமை.

இதற்கு முன்பு, ஆவியாகும் திரவம் நிரப்பிய மடிப்புக் குழல்களைப் பயன்படுத்தினார்கள். ரேடியேட்டரில் அழுத்தத்தைக் கூட்டத் தொடங்கியதும் அவை தடுமாறின, ஏனென்றால் ஆவியை அமுக்கிவிடலாம். உருகிய மெழுகை அப்படி அமுக்க முடியாது. செர்ஜியஸ் வெர்னே என்பவர் 1930களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இந்த மெழுகுக் கிண்ணத்தை உருவாக்கினார். இன்றும் ஏராளமான கார்களில் ஓடுவது அதே தத்துவம்தான். பொருள்கள் உருகும்போதும் உறையும்போதும் நடப்பதை வைத்து மின்கார் பேட்டரிகளைக் குளிர்விக்க முடியுமா என்று இப்போது ஆராய்கிறார்கள். நம் பொறியியல் கல்லூரிகளில், பெட்ரோல் இன்ஜின் வேலை செய்யும் விதத்தைக் காட்டும் ஓட்டோ சுழற்சியின் (Otto cycle) வரைபடத்தை நான்கு செமஸ்டர் வரையவைக்கிறார்கள். ஒரு தெர்மோஸ்டாட்டை மாணவர் கையில் கொடுத்து வெந்நீரில் போடச் சொல்ல எந்த மானியமும் தேவையில்லை. அந்தக் கல்லூரி ஆய்வகங்களுக்கு வாங்கும் விலையுயர்ந்த மெஷின்கள் உறை போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

கதவே இல்லாவிட்டால் என்ன ஆகும்? கிளப்பியதிலிருந்து கூலன்ட் முழுக்க ரேடியேட்டரைச் சுற்றும். அலுவலகத்துக்கும் கடைக்குமாகப் போய்வரும் வண்டி 60 டிகிரியைத் தாண்டவே திணறலாம். கூலன்ட் சூட்டைப் பார்க்கும் சென்சார் ‘இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது’ என்று இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியுவிடம் சொல்லும், அது கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கும். வாசகரின் மைலேஜ் போன வழி இதுதான். சரியாக ஆவியாகாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவும். இன்னொன்று: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. பெரும்பாலும் அது ஆவியாக வெளியே போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெய்த் தொட்டிக்குள் கசியும். சூடான இன்ஜினில் அது ஆவியாகவே வெளியேறும். குளிர்ந்த இன்ஜினில் தங்கி எண்ணெயோடு சேர்ந்து பால் கலந்த சேறாகும். காரின் கம்ப்யூட்டரில் பதிவாகும் கோளாறுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில், இன்ஜின் போதிய சூட்டை எட்டாத இந்தக் கோளாறுக்கென்றே பி0128 என்று ஒரு குறியீடு வைத்திருக்கிறார்கள்.

தெர்மோஸ்டாட்டை ஆதரிப்பவர்களிடமும் ஒரு தவறான வாதம் உலவுகிறது. ‘கழற்றிவிட்டால் தண்ணீர் ரொம்ப வேகமாக ஓடும், ரேடியேட்டரில் ஆற நேரம் கிடைக்காது’ என்பார்கள். வேகமாக ஓடினால் அதே தண்ணீர் அடிக்கடி திரும்பி வருகிறது, ரேடியேட்டர் முழுவதும் சூடாக இருக்கிறது, காற்றுக்குப் போகும் வெப்பம் கூடவே செய்யும். தெர்மோஸ்டாட் வேண்டும் என்பதற்கு இந்தப் பொய்க் காரணம் தேவையில்லை.

அப்படியானால் கழற்றியதும் சூடு ஏன் நின்றது? பெரும்பாலும் அந்த வால்வே செத்திருக்கும். ரப்பர் உறை கிழிந்து மெழுகு கசிந்தால் தள்ளுவதற்கு ஆளில்லை, ஸ்பிரிங் கதவைச் சாத்தியே வைத்திருக்கும். இன்னொரு சாத்தியம், ரேடியேட்டரில் அடைப்பு. பழைய வண்டிகளில் கூலன்டுக்குப் பதில் போர்வெல் தண்ணீரை ஊற்றி ஓட்டுவது சகஜம். உப்புத் தண்ணீர் சூடாகும்போது சுண்ணாம்பு படிந்து குழாய்கள் சுருங்கிவிடும். புது வண்டிக்கு நான்கு எலுமிச்சம்பழத்தை டயரில் நசுக்குகிறவர்கள் கூலன்டுக்கு மட்டும் கணக்குப் பார்ப்பது எனக்கு விளங்கியதே இல்லை. இந்த இன்ஜினில் சிலிண்டர்களுக்கு மேல்மூடியாக இருக்கும் ஹெட் அலுமினியம், சிலிண்டர்கள் இருக்கும் பிளாக் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். ஒருமுறை நன்றாகக் கொதித்துவிட்டால் ஹெட் கோணி, இரண்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் கேஸ்கட் போய், செலவு எங்கேயோ நிற்கும்.

மெக்கானிக் கொடுத்த வால்வு கையில் இருப்பதால் நீங்களே சோதிக்கலாம். மீண்டும் சமையலுக்கு எடுக்காத ஒரு பழைய பாத்திரமாக இருக்கட்டும், கூலன்ட் விஷம். அடியில் படாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வைத்துச் சூடாக்குங்கள். பொறித்திருக்கும் எண்ணை ஒட்டித் திறக்கத் தொடங்கி, கொதிப்பதற்குள் முழுதாகத் திறந்தால் வால்வு நல்லது. கொதித்தும் அசையாவிட்டால் புதிது வாங்குங்கள். பொருத்தும்போது புது கேஸ்கட் போட்டு, வால்வில் இருக்கும் சின்னக் காற்றுத் துளை மேல்பக்கம் வரும்படி வைக்கச் சொல்லுங்கள், இல்லையேல் காற்று சிக்கிக்கொள்ளும். இன்ஜின் ஆறிய பிறகே மூடியைத் திறந்து கூலன்ட் ஊற்ற வேண்டும். அதற்கு மேலும் கொடைக்கானல் ஏற்றத்தில் சூடானால் சந்தேகமே வேண்டாம், ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கொடுத்துவிடுங்கள்.