போட்டிங் குட்டையும் ஓர் அணைதான்

ஒரு செப்டம்பரில் ஏற்காட்டிலிருந்து போன். "போட் ஹவுஸ் தரையில விரிசல் விட்டிருக்குங்க சார், ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க." பேசியவர் நாகலூர் பக்கம் ஒரு பழைய காபி எஸ்டேட்டை வாங்கி, பத்து காட்டேஜ், படகு விட ஒரு குட்டை என்று ரிசார்ட்டாக மாற்றியவர். நான் சேலத்தில் முப்பது வருடமாகக் கட்டுமான ஆலோசனை செய்கிறேன், அதில் பாதிக் காலம் ஏரிக்கரை, தடுப்பணை, மதகு என்றே போயிற்று. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்ப் பார்த்தால், விரிசல் வெறும் பூச்சு வேலையில் வந்தது. ஐந்து நிமிடத்தில் அந்தக் கதை முடிந்தது. அப்புறம் காபி டம்ளரோடு கரைமேல் நடந்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஓடைக்குக் குறுக்கே போட்ட மண்கரை அது. பின்பக்கம் இறங்கி டேப் பிடித்துப் பார்த்தோம். நடு ஓடையில் உயரம் 7 மீட்டர், அதாவது இருபத்து மூன்று அடி. தண்ணீர் நிற்கும் பரப்பு சுமார் 100 மீட்டருக்கு 60 மீட்டர், சராசரி ஆழம் 3 மீட்டர் என்று வைத்தாலே 18,000 கன மீட்டர் வருகிறது. இதைச் சொன்னபோது உரிமையாளர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "12,000 லிட்டர் தண்ணி லாரி 1,500 உங்க தோட்டத்துல நிக்குதுங்க, அத்தனைக்கும் சேர்த்து ஒரே பிரேக்" என்றேன். டம்ளரைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு, "இது டேம் இல்லைங்களே சார், குட்டைதானே" என்றார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். சேலத்துக்காரனுக்கு அணை என்றால் மேட்டூர்தான், 120 அடி நிரம்பினால்தான் அது செய்தி. சட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான் பார்க்கிறது. 2021இல் வந்த மத்திய அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளை எடுத்துக்கொள்கிறது. 10 முதல் 15 மீட்டர் வரை என்றால், கரை நீளம் 500 மீட்டராவது இருக்க வேண்டும், அல்லது 10 லட்சம் கன மீட்டர் கொள்ளளவாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் அடித்தளத்தில் தனிச்சிக்கல் போன்ற வேறு சில காரணங்களில் ஒன்று இருக்க வேண்டும். அந்த வரம்புக்குள் வந்துவிட்டால் மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வு, அவசரகாலத் திட்டம், பொறுப்பான பொறியாளர்கள் என்று எல்லாம் கட்டாயம். 7 மீட்டர் கரைக்கு இதில் எதுவும் கிடையாது. நான் பார்த்த தனியார் குட்டைகளில் லைஃப் ஜாக்கெட்டை எண்ணிப் பார்க்க ஆள் வந்திருக்கிறார்கள், காட்டேஜ் பிளானை அளக்க வந்திருக்கிறார்கள், கரையைப் பார்க்க யாரும் வந்ததில்லை. இங்கிலாந்தில் உயரத்தைப் பார்ப்பதில்லை, தரைமட்டத்துக்கு மேல் 25,000 கன மீட்டருக்கு மேல் தேக்கினால் சட்டம் வந்துவிடும். மலைச்சரிவில் இருக்கும் நமக்கு அந்த அளவுகூட அதிகம் என்பது என் கருத்து.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கரையை முதலில் போட்ட காபித் தோட்டக்காரர் விவரமானவர். காபிப் பழம் தோலுரிக்கவும் மருந்தடிக்கவும் தண்ணீர் வேண்டுமென்று கட்டியது. அடியில் இரும்புக் குழாய், அதைத் திறக்கத் திருகு மதகு, ஒரு ஓரத்தில் பாறையை வெட்டி 6 மீட்டர் அகலத்துக்குக் கோடி. (கோடி என்று நாங்கள் சொல்வது மிகைநீர் வழியும் இடத்தை, கலங்கு என்பார்களே, அதைத்தான்.) ரிசார்ட் ஆனபிறகு ஒவ்வொன்றாகக் கைவைத்திருக்கிறார்கள். மார்ச் மாதத்திலும் படகு மிதக்க வேண்டுமென்று கோடியின் வாய்க்கு ஒன்றரை அடி செங்கல் வைத்து உயர்த்தியாயிற்று. வளர்த்த மீன் தப்பிக்காமலிருக்க அதன்மேல் வலை. ஜோடிகள் போட்டோ எடுக்க ஒரு மரப்பாலம், அதற்கு நடுக்கோடியில் நாலு தூண். மதகின் திருகு இருந்த இடத்தில் இப்போது டெக், மேலே டேபிள் நாற்காலி. கரை நெடுகக் கேபிள் பள்ளமும் அலங்கார விளக்கும். ஒன்றுகூடக் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை, எல்லாம் அழகுக்குத்தான், ஆனால் அந்த அழகெல்லாம் சேர்ந்து தண்ணீர் வெளியேற இருந்த இரண்டு வழியையும் அடைத்துவிட்டது.

உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். குட்டைக்கு நீர் வரும் சரிவு சுமார் 40 ஹெக்டேர். கோடைமழையோ ஐப்பசி மழையோ, ஒரு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டர் கொட்டினால் விழுவது 40,000 கன மீட்டர். பாதி ஓடிவந்தாலும் 20,000, குட்டையின் மொத்தக் கொள்ளளவை விட அதிகம். வினாடிக்கு ஐந்தரை கன மீட்டர். பழைய கோடி வழியாக அது 70 சென்டிமீட்டர் உயரத்தில் வழிந்து போயிருக்கும். இப்போது வாய் உயர்ந்துவிட்டதால் கரையின் உச்சிக்கும் கோடிக்கும் நடுவே மிச்சம் இருந்ததே இரண்டடிதான், வலையில் சவுக்கு இலையும் பிளாஸ்டிக்கும் சிக்கினால் அதுவும் போச்சு. கான்கிரீட் அணைமேல் தண்ணீர் வழிந்தால் பெரும்பாலும் தாங்கும். மண்கரைமேல் வழிந்தால் பின்பக்கச் சரிவை அரித்து, வெட்டி, ஒரு மணி நேரத்துக்குள் கரை திறந்துகொள்ளலாம். கீழே எண்ணூறு மீட்டரில் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் இருந்தன.

இதே தவறு பெரிய அளவில் ஒரு முறை நடந்திருக்கிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் அணை, பணக்காரர்களின் மீன்பிடி கிளப் ஒன்றுக்குச் சொந்தம், எஃகு ஆலை அதிபர் ஆண்ட்ரூ கார்னகிகூட அதில் உறுப்பினர். அடிக் குழாய்களை முந்தைய உரிமையாளர் பிடுங்கிப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார், கிளப் அதைத் திரும்பப் போடவில்லை. குதிரை வண்டி போகக் கரை உச்சியைத் தாழ்த்தினார்கள், மீன் போகாமலிருக்கக் கோடியில் வலை கட்டினார்கள். 1889 மே 31 அன்று மழையில் கரை உடைந்து, கீழே ஜான்ஸ்டவுனில் 2,209 பேர் இறந்தார்கள். வலை என்ற வார்த்தையைக் கேட்டதும் நம்மவர் மரப்பாலம் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

நான் பேசிக்கொண்டிருந்ததை அந்த ஊர் வாட்ச்மேன் தாத்தா ஒருவர் கேட்டுக்கொண்டே நின்றார். உரிமையாளர் போன் பேச நகர்ந்ததும் கிட்டே வந்தார். "பின்னாடி ஓரிடத்துல ரெண்டு வருசமா ஊறுதுங்க. போன ஐப்பசியில செம்மண்ணாட்டம் கலங்கி வந்துச்சு. சொன்னேன், காட்டுல ஊத்து இருக்கும்னுட்டாங்க." கூட்டிப்போய்க் காட்டினார். பழைய இரும்புக் குழாய் கரையை விட்டு வெளியே வரும் இடம் அது. எந்த மண்கரையிலும் கொஞ்சம் கசிவு இருக்கும், தெளிந்த தண்ணீர் ஒரே அளவில் வந்தால் நான் தூக்கம் கெடமாட்டேன். கலங்கி வந்தால் கதை வேறு. தண்ணீர் குழாயை ஒட்டி உள்ளேயிருந்து மண்ணை எடுத்து வருகிறது, கரைக்குள் ஒரு பொந்து வளர்கிறது என்று அர்த்தம். இதற்கு மழைகூட வேண்டாம், வெயிலடிக்கும் ஒரு மத்தியானத்திலும் உடையும்.

அன்று சாயங்காலமே செங்கலை உடைக்கச் சொன்னேன், வலையை நானே அறுத்தேன். அப்புறம் நாலு இன்ச் பிளாஸ்டிக் குழாய்களைக் கரைமேல் போட்டு சைஃபன் முறையில் தண்ணீரை இறக்கினோம், நாளுக்கு ஒரு அடிக்கு மேல் இல்லாமல், ஏனென்றால் மடமடவென்று இறக்கினால் ஊறிப்போன உள்பக்கச் சரிவு சரிந்து குட்டைக்குள் உட்கார்ந்துவிடும். கசிவு வரும் இடத்தில் மேஸ்திரி சிமெண்ட் மூட்டையோடு தயாராக நின்றார். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். வெளிப்பக்கம் அடைத்தால் தண்ணீர் உள்ளேயே அழுத்தம் ஏற்றி வேறு இடத்தில் பீறிடும். நல்ல ஆற்று மணல், அதன்மேல் சிறு ஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி என்று போர்த்த வேண்டும், தண்ணீர் போகட்டும், மண் நிற்கட்டும். அது தற்காலிகம்தான். கோடையில் குழாயைச் சுற்றித் தோண்டி முறையாகச் செய்ததும், கரையில் நட்ட மரங்களை எடுத்ததும் தனிக்கதை, பட்ஜெட் சண்டையும் அதில் உண்டு.

சீசன் புக்கிங் போகிறதே என்று உரிமையாளர் புலம்பினார். வக்கீல் நண்பர் ஒருவரிடம் பேசவைத்தேன். 1874இல் கார்வேட்டிநகரம் ஜமீன்தாரின் ஏரிகள் உடைந்து மெட்ராஸ் ரயில்வேக்குச் சேதமான வழக்கில், அன்றைக்கு நமக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் ஜமீன்தாரை விட்டுவிட்டதாம், ஏனென்றால் அந்த ஏரிகள் ஊருக்குப் பாசனம் தரும் ஏரிகள், பராமரிப்பது அவர் கடமை, அலட்சியமும் நிரூபணமாகவில்லை. "உங்க குட்டையில எந்த வயலுக்குங்க தண்ணி பாயுது?" என்று நண்பர் கேட்டார். அதற்குமேல் புக்கிங் பேச்சு வரவில்லை. புலப்படத்தை, அதாவது நில அளவை வரைபடத்தை, எடுத்துப் பார்த்தபோது கரையின் ஒரு முனை ஓடைப் புறம்போக்கில் இருந்தது வேறு தெரியவந்தது.

சட்டம் இல்லை என்பதால் கேட்க ஆளே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு ஆட்சியர்தான் தலைவர். உங்கள் வீட்டுக்கு மேலே இப்படி ஒரு கரை கலங்கிய தண்ணீரைக் கக்கினால் போட்டோ எடுத்து, தேதி போட்டு, அங்கே மனுக் கொடுங்கள்.

அந்தத் தாத்தாவிடம் ஒரு நோட்டும், பெயிண்டில் அடி குறித்த ஒரு கம்பும் கொடுத்தேன். நீர்மட்டம், கசிவு ஒரு பக்கெட் நிரம்ப எத்தனை நொடி, தெளிவா கலங்கலா, இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை தோறும் பேரன் போனிலிருந்து படம் வருகிறது. போன மாதம் வந்த படத்தின் ஓரத்தில் மேல்சரிவில் ஏதோ பளபளத்தது. சாட்டிலைட் படத்தில் தேடினேன். அதே ஓடையில், இன்னும் மேலே, வேறொருவர் எஸ்டேட்டில் இன்னொரு குட்டை. அது உடைந்தால் என் கணக்கு மொத்தமும் தப்பு. இரண்டு தடவை போய்விட்டேன், கேட்டில் இன்னும் உள்ளே விடவில்லை.