காயும் எண்ணெய், காயாத எண்ணெய்

எங்கள் தெருவில் முதன்முதலாக வில்லோ மரத்துக் கிரிக்கெட் பேட் வாங்கியவன் என் சித்தப்பா மகன். கடைக்காரர் பேட்டைக் கையில் கொடுக்கும்போதே, "லின்சீட் ஆயில் தடவி ரெண்டு நாள் படுக்கப் போடு, அப்புறம் ஆடு" என்று சொல்லி அனுப்பியிருந்தார். லின்சீட் ஆயிலுக்கு நாங்கள் எங்கே போவது? வீட்டில் இருந்தது தேங்காய் எண்ணெய். எண்ணெய் எண்ணெய்தானே என்று, தலைக்கு வைப்பதுபோல உள்ளங்கையில் ஊற்றி ஊற்றித் தேய்த்தோம். இரண்டு நாள் கழித்தும் பேட் பிசுபிசுவென்றே இருந்தது. ஒரு வாரம் கழித்தும் அப்படியே. மைதானத்துப் புழுதியெல்லாம் அதில் அப்பிக்கொண்டு, வெள்ளை வெளேரென்று வந்த பேட் பத்து நாளில் செம்மண் நிறத்துக்கு மாறிவிட்டது.

கடைக்காரர் சொன்ன லின்சீட் ஆயில் வேறொன்றுமில்லை, ஆளி விதை எண்ணெய். அதைத் தடவியிருந்தால் அது காய்ந்திருக்கும். ஆனால் 'காய்வது' என்ற சொல்லே இந்த இடத்தில் ஆளைக் குழப்பிவிடுகிறது. கொடியில் போட்ட வேட்டி காய்கிறது என்றால் அதிலிருந்த தண்ணீர் ஆவியாகப் போய்விட்டது, வேட்டி எடை குறைந்துவிட்டது. லின்சீட் எண்ணெய் காயும்போது நடப்பது இதற்கு நேர் எதிர். ஒரு கண்ணாடித் துண்டில் மெல்லியதாகத் தடவி, நுணுக்கமான தராசில் வைத்துப் பார்த்தால் நாளுக்கு நாள் எடை கூடும். காற்றிலிருந்து ஆக்சிஜனை அது உள்ளே இழுத்துக்கொள்கிறது.

எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறும் மூன்று நீண்ட வால் கொண்டது. அந்த வால்கள்தான் கொழுப்பு அமிலங்கள். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீத வால்கள் முழுக்க ஹைட்ரஜனால் நிரம்பியவை. ஆக்சிஜன் வந்து கை வைக்க அங்கே இடமே இல்லை. லின்சீட் எண்ணெயிலோ பாதிக்கு மேற்பட்ட வால்கள் லினோலெனிக் அமிலம். ஒவ்வொன்றிலும் மூன்று இரட்டைப் பிணைப்புகள், அதாவது ஹைட்ரஜன் குறைந்ததால் அடுத்தடுத்த கார்பன்கள் தங்களுக்குள் இரண்டு கைகளால் பிடித்துக்கொண்ட இடங்கள். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே சிக்கிய கார்பனில் இருக்கும் ஹைட்ரஜன், பால் பல் மாதிரி ஆடிக்கொண்டேயிருக்கும். அது கழன்ற இடத்தில் ஆக்சிஜன் போய் உட்காரும். உட்கார்ந்தது சும்மா இருக்காது, பக்கத்து மூலக்கூறின் ஹைட்ரஜனைப் பிடுங்கும். அது அடுத்ததை. இந்தச் சங்கிலி ஓட ஓட, ஒரு மூலக்கூறின் வால் இன்னொன்றின் வாலோடு பிணைந்து, கடைசியில் மரத்தின் துளைகளுக்குள் ஒரு வலையே பின்னப்பட்டுவிடும். பின்னிய வலை திரும்ப எண்ணெயாகாது. டர்பன்டைன் ஊற்றித் தேய்த்தாலும் கரைந்து வராது.

இதைப் பார்க்கச் சோதனைச்சாலை வேண்டாம், சமையலறையே போதும். அடுப்புக்கு மேலே இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனின் இறகில், விம் போட்டாலும் போகாமல் பழுப்பாக ஒட்டிக்கிடக்கும் பிசின் இருக்கிறதே, அது பாதி காய்ந்த சூரியகாந்தி எண்ணெய். தோசைக்கல்லைப் பழக்குவதும் இதே வேலைதான். அங்கே தீயின் சூடு, மரத்தில் பல நாள் பிடிப்பதைச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது.

எந்த எண்ணெய் காயும், எது காயாது என்பதைச் சொல்ல ஓர் எண் இருக்கிறது. ஆஸ்திரியரான ஆர்தர் ஃபொன் ஹ்யூபிள் 1884-இல் கொடுத்த முறை அது. 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினைப் பிடித்துக்கொள்கிறது என்பதே அயோடின் எண். இரட்டைப் பிணைப்பு கூடக் கூட எண்ணும் கூடும். தேங்காய் எண்ணெய்க்கு 6 முதல் 11 வரை. விளக்கெண்ணெய்க்கு 85-ஐ ஒட்டி. நல்லெண்ணெய்க்கு 104 முதல் 120 வரை. சூரியகாந்தி அதற்குச் சற்று மேலே. லின்சீட் 170-ஐத் தாண்டிவிடும். தோராயமாக 130-க்கு மேல் போனால் காயும் எண்ணெய் என்று கொள்ளலாம்.

விளக்கெண்ணெயைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு. 'கெட்டியாக இருக்கிறது, இதுதான் மரத்தில் நிற்கும்' என்று தடவிவிடுவார்கள். கெட்டிக்கும் காய்வதற்கும் சம்பந்தமில்லை. அதன் வாலில் ஒரே ஓர் இரட்டைப் பிணைப்புதான். தொழிற்சாலையில் அதன் மூலக்கூறிலிருந்து தண்ணீரைப் பிரித்தெடுத்தால் இன்னோர் இரட்டைப் பிணைப்பு உருவாகி, பெயிண்டுக்கு ஆகும் காயும் எண்ணெயாக மாறிவிடும். அது வேறு கதை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதும், மரத்தில் காய்வதும் ஒரே வினையின் இரண்டு முகங்கள். ஆக்சிஜன் புகுந்த வால்கள் சில, வலையில் சேராமல் துண்டு துண்டாக உடைந்து வாடை வீசும். லின்சீட் பூசிய அறையில் சில நாள் அடிக்கும் நெடியும் அதுதான். முழு வலையாகப் பின்னி முடித்தால் அது பூச்சு, பாதி வழியில் நின்றால் கெட்டுப்போன எண்ணெய். நல்லெண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காது. அதிலுள்ள செசமால் போன்ற பொருட்கள் அந்தச் சங்கிலியை ஆரம்பத்திலேயே அறுத்துவிடுகின்றன. மாவடுவையும் ஆவக்காயையும் நம்பி அதில் ஊறப்போடுகிறோம். ஊறுகாயைக் காக்கும் அதே குணம், மரப்பூச்சுக்கு அதை லாயக்கில்லாததாக ஆக்கிவிடுகிறது.

ஆகவே எண்ணெயைத் தேர்ந்தெடுக்கும்போது நான் அந்த அயோடின் எண் வரிசையின் இரண்டு ஓரங்களில் ஒன்றில்தான் நிற்பேன். நடுவில் இருக்கும் கடலை, சூரியகாந்தி, நல்லெண்ணெய் பக்கம் போகமாட்டேன். காய் நறுக்கும் பலகை, அகப்பைக் காம்பு, இடியாப்ப உரல் இவற்றுக்குத் தேங்காய் எண்ணெய். அது காயாது, கழுவக் கழுவப் போகும், மாதம் ஒருமுறை திரும்பத் தடவ வேண்டும். ஆனால் எளிதில் சிக்கு வாடை அடிக்காது. நான்கு பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு தேன்மெழுகைச் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கிக் கலந்தால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். மேசை, நாற்காலி, கைப்பிடி, பேட் என்றால் லின்சீட். சீனாவின் டங் மர விதையிலிருந்து எடுக்கும் டங் எண்ணெய் இதைவிட நன்றாகத் தண்ணீரைத் தாங்கும். அங்கே மரக்கப்பல்களுக்கே அதைப் பூசினார்கள். ஆனால் 'டங் ஆயில்' என்று பெயர் போட்டு வரும் டப்பாக்களில் வார்னிஷ் கலவையும் உண்டு. சுத்தமானதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஹார்டுவேர் கடையில் கேட்டால் பெரும்பாலும் 'டபுள் பாயில்டு' லின்சீட் எடுத்துத் தருவார்கள். பெயர்தான் அப்படி. இன்று கிடைக்கும் அந்த வகையில் பெரும்பாலும் கோபால்ட், மாங்கனீஸ் போன்ற உலோக உப்புகள் சேர்த்திருக்கும். அவை வினையைத் துரிதப்படுத்துவதால், ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும் வேலை ஒரு நாளில் முடிந்துவிடும். நாற்காலிக்கு அதுவே போதும். உணவு படும் பலகைக்கு அதை நான் தொடமாட்டேன். கிரிக்கெட் பேட்டுக்குக் கேட்பதும் 'ரா' லின்சீட், பச்சை எண்ணெய்தான்.

இனி பூசும் வேலை. சென்ற கோடையில் ஒரு வேப்பம் பலகைக்கு லின்சீட் பூசினேன். இழைப்புளி போட்ட பலகையை 120 எண் உப்புத்தாளில் தேய்த்து, பிறகு அதைவிட நுண்ணிய 180-இல். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்ததும் படுத்திருந்த நார்களெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது போல எழுந்து நின்றன. காயவிட்டு அவற்றையும் 180-இலேயே சீவிவிட்டேன். முதல் கை எண்ணெய் ஊற்றியதும் வெளிறிய பலகை கண்ணெதிரே செம்பழுப்பாக மாறியது. நார்களுக்கு இடையில் இருந்த காற்றை எண்ணெய் வெளியேற்றிவிட்டது. இனி வெளிச்சம் அங்கே சிதறாமல் உள்ளே போய்த் திரும்பும், நிறம் ஆழமாகத் தெரியும். அகலமான பக்கம் சிறிது குடித்துவிட்டு நின்றது. அறுத்த முனையோ ஊற்ற ஊற்றக் குடித்துக்கொண்டே இருந்தது. மரம் உயிரோடு இருந்தபோது தண்ணீர் ஏறிய குழாய்களின் வாய் அங்கேதான் திறந்திருக்கிறது. எண்ணெய் மரத்துக்குள் ஆழமாக இறங்கிக் காக்கும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். அகலப் பக்கத்தில் அது இறங்குவது மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்குதான்.

இருபது நிமிடம் கழித்து, மேலே நின்ற எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். வேலையைக் கெடுப்பவர்களில் பாதிப் பேர் கெடுப்பது இந்த இடத்தில்தான். 'இருக்கட்டும், ஊறும்' என்று விட்டுவிடுவார்கள். ஆக்சிஜன் மேலிருந்துதான் வருகிறது. எனவே எண்ணெயின் மேற்பரப்பு முதலில் இறுகி, காய்ச்சிய பாலில் போல ஆடை கட்டிவிடும். அந்த ஆடை, கீழே இருக்கும் எண்ணெய்க்குக் காற்றுப் போகாமல் அடைத்துவிடும். மாதக்கணக்கில் அது பிசுபிசுக்கும். பெயிண்ட் டப்பாவில் லின்சீட் கட்டிய இதே ஆடையைப் பார்த்துத்தான் இங்கிலாந்தின் ஃபிரெடரிக் வால்ட்டனுக்கு ஒரு யோசனை வந்தது. அதை வளர்த்து 1860-களில் அவர் காப்புரிமை பெற்ற தரை விரிப்புதான் லினோலியம். பெயரிலேயே ஆளியும் எண்ணெயும் இருக்கின்றன.

வேம்பு எனக்குச் சொன்னபடி கேட்டது. தேக்கு கேட்காது. தேக்கிலும் ஈட்டி மரத்திலும் இயற்கையாகவே ஊறியிருக்கும் பொருட்கள், நல்லெண்ணெயில் இருக்கும் காவலர்களைப் போலவே சங்கிலியை அறுத்துவிடுகின்றன. பூசிய எண்ணெய் வாரக்கணக்கில் ஈரமாகவே நிற்கும். எண்ணெயைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பூசுவதற்குச் சற்று முன் தின்னரால் மேற்பரப்பை அழுத்தித் துடைத்துவிட்டால் ஓரளவு சரியாகும்.

கடைசியாகத் துடைத்த துணி. எண்ணெயைவிட இதைப் பற்றித்தான் எனக்குப் பயம். ஆக்சிஜன் புகும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சூடு வெளியேறும். பலகையில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். சுருட்டிக் குவித்த துணியிலோ, எண்ணெய் ஆயிரம் நூலில் மெல்லியதாகப் பரவி வேகமாகக் காயும், சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். சூடு ஏற ஏற வினை இன்னும் வேகமெடுக்கும். ஈரத்தோடு போட்ட வைக்கோல் போர் உள்ளே வெந்துபோவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அங்கே சூட்டைத் தொடங்கிவைப்பது நுண்ணுயிர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். 1991 பிப்ரவரி 23 அன்று ஃபிலடெல்ஃபியாவில் 'ஒன் மெரிடியன் பிளாசா' என்ற 38 மாடிக் கட்டடத்தின் 22-ஆவது மாடியில், மரப் பலகைகளுக்குப் பூசிவிட்டுப் போட்டிருந்த லின்சீட் துணிகள் தாமாகவே பற்றிக்கொண்டன. தீ மாடி மாடியாக ஏறியது. தீயணைப்பு வீரர்கள் மூன்று பேர் இறந்தார்கள். 30-ஆவது மாடியில் தானியங்கி நீர்த்தூவிகள் பொருத்தப்பட்டிருந்ததால் அங்கேதான் தீ நின்றது. யாரும் தீக்குச்சி கிழிக்கவில்லை.

நான் துணியைக் கசக்கிப் போடுவதில்லை. மொட்டை மாடிக் கொடியில், ஒன்றின் மேல் ஒன்று படாமல், விரித்துப் போட்டுவிடுவேன். சில நாளில் எடுத்துப் பார்த்தால் துணி மடங்காது, அப்பளம் போல விறைத்து நிற்கும். அதன் பிறகுதான் குப்பைக்குப் போகும்.